பச்சை டிக் வந்த பிறகு

நான் ரிசப்ஷனில் வேலை பார்த்த லாட்ஜிலிருந்து யாரைக் கூப்பிட்டாலும், அவர்கள் போனில் சிவப்பாக ‘மோசடி’ என்றுதான் வரும். அந்தப் பெயரை வாங்க நாங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் திருவண்ணாமலையில் ரூம் கிடைக்காதவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ‘ரூம் இல்லைங்க’ என்று நான் மரியாதையாகத்தான் சொல்வேன். கூப்பிடுகிறவர் யார் என்று காட்டுகிற ஆப்பில், போனை வைத்த கையோடு எங்களைத் திருடர்கள் என்று குத்திவிட்டுக் கிரிவலம் கிளம்பிவிடுவார்கள். அண்ணாமலையாரிடமா கோபத்தைக் காட்ட முடியும்?

போதாததற்கு எவனோ எங்கள் லாட்ஜ் படத்தைப் போட்டு ஒரு போலி வெப்சைட் நடத்தினான். அதை நம்பிப் பெட்டியும் பிள்ளைகளுமாக வந்து நின்றவர்கள் என்னைத்தான் திட்டினார்கள். அதற்குப் பிறகு உண்மையான புக்கிங்கை உறுதி செய்யக் கூப்பிட்டால்கூட யாரும் எடுப்பதில்லை. எடுத்தாலும் ‘யாரு பேசறது?’ என்று கேட்பார்கள். சொன்னால் நம்ப மாட்டார்கள். கேட்பானேன்?

கிருஷ்ணகிரிப் பக்கத்து அம்மா ஒருவர் ஆடி மாதமே தீபத்துக்கு ரூம் சொல்லியிருந்தார். உறுதி செய்யக் கூப்பிட்டேன்.

“மோசடின்னு வருது. நீ லாட்ஜுன்ற. கேழ்வரகுல நெய் வடியுதுன்னா நம்பற ஆளு நான் இல்லம்மா,” என்று வைத்துவிட்டார்.

ஆனால் கெட்டிக்காரர். ஐந்து நிமிடத்தில் அவரே லாட்ஜ் நம்பருக்குப் போட்டார். எடுத்தது நான்தான் என்றதும் சிரித்துவிட்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். கணவருக்குப் பக்கவாதம். ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது.

“மலை மேல தீபம் ஏத்தறத ஒரு தடவ கண்ணால பார்க்கணும்னு கேட்டுனே இருக்காரு. அடுத்த வருஷம் வரைக்கும் தாங்குவாருன்னு டாக்டர் சொல்லல. கூட்டத்துல எங்க தூக்கினு போறது? உங்ககிட்ட லிஃப்ட் இருக்கு, ஜன்னல்ல மலை தெரியும்னாங்க. கட்டில ஜன்னல் பக்கம் போட்டு வைப்பியாம்மா?”

“நானே போட்டு வைக்கறேங்க,” என்றேன். லிஃப்ட் போகும் மாடியில் மலை தெரிகிற ரூம் ஒன்றுதான் இருந்தது. அதை அவர்களுக்கென்று வைத்தேன்.

ஐப்பசியில் முதலாளி, கூப்பிடுகிறவர் பெயரைச் சரிபார்த்துக் காட்டுகிற ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டினார். அவர்கள் எங்கள் லைசென்ஸையெல்லாம் வாங்கிப் பார்த்தார்கள். அதிலிருந்து நாங்கள் கூப்பிட்டால் லாட்ஜ் பெயர், கோபுரப் படம், பக்கத்தில் பச்சை டிக், கீழே ‘உங்கள் புக்கிங் பற்றி’ என்று ஒரு வரி. முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள். ‘சொல்லுங்கம்மா’ என்று குழைந்தார்கள். நம்பரும் அதேதான், பேசிய வாயும் அதேதான். போன வாரம் வரை திருடியாக இருந்தவள் இந்த வாரம் உத்தமியாகிவிட்டேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

முதலாளி பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு மலை சுற்றுகிறவர். நெற்றி நிறைய விபூதி. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். தீபத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெங்களூரிலிருந்து ஒரு பெரிய குடும்பம் ஜாஸ்தி வாடகைக்கு ரூம் கேட்டது.

“அந்த கிருஷ்ணகிரி ரூம கேன்சல் பண்ணிடும்மா. மோட்டார் ரிப்பேர், தண்ணி இல்லன்னு சொல்லு,” என்றார்.

“அந்த ஐயா படுத்த படுக்கைங்க. நான் சொல்ல மாட்டேங்க.”

“அப்ப தள்ளு. இப்பதான் நம்ம போன எல்லாரும் எடுக்கறாங்களே.”

என் பக்கத்திலேயே நின்று அவர் பேசினார். அவ்வளவு வருத்தமாக ஒரு மனுஷன் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அட்வான்ஸையும் அப்போதே திருப்பி அனுப்பிவிட்டார். “பரவால்லங்க, முன்னாடியே சொன்னீங்களே,” என்ற அந்த அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

மதியம் வெளியே வந்து என் சொந்த போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன். இரண்டாவது தடவைதான் எடுத்தார்.

“அம்மா, ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு பேசறேங்க. மோட்டார் நல்லாத்தான் ஓடுது. முதலாளி அந்த ரூம வேற ஆளுக்குத் தரப் பாக்கறாரு. நீங்க ஐயாவ கூட்டினு இன்னிக்கே வந்துடுங்க. நேர்ல வந்து நின்னா அவரால இல்லன்னு சொல்ல முடியாது.”

“லாட்ஜ் பேர் போட்டு, பச்சை டிக்கோட இப்பதான் போன் வந்துச்சு. நீ யாரு?”

“நான்தாம்மா. கட்டில ஜன்னல் பக்கம் போடச் சொன்னீங்களே?”

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? எங்க விவரத்த எவன்கிட்ட வாங்கின?” என்று கேட்டு வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். போகவில்லை.

நான் உள்ளே போனபோது முதலாளி என் நாற்காலியில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பேசியது அந்த அம்மாதான்.

“உங்க லாட்ஜ் பேரச் சொல்லி ஒரு பொண்ணு பேசுச்சுங்க. கெளம்பி வரச் சொல்லுது. எதுக்கும் உங்க நம்பர்லயே கேட்டுக்கலாம்னு போட்டேன்.” என் நம்பரை ஒவ்வொரு எண்ணாக அவரிடம் படித்துக் காட்டினார்.

முதலாளி என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம்கூட இல்லை.

“நல்லவேளை கேட்டீங்கம்மா. அந்த நம்பர பிளாக் பண்ணிடுங்க.”

“பண்ணிட்டேங்க. ரூம் இல்லன்னதும் இவருதான் செவுத்தப் பாத்து திரும்பிப் படுத்துட்டாரு. அடுத்த வருஷம் இருந்தாருன்னா உங்ககிட்டதான் வருவோம். இந்தக் காலத்துல வேற யார நம்பறது சொல்லுங்க?”

“கண்டிப்பா வாங்கம்மா. அதே ரூம் தரேன்,” என்றார் முதலாளி, என்னைப் பார்த்துக்கொண்டே.