மட்டி என்று நான் எழுதிய கல்

போன வாரம், கண்டியில் படிக்கும் மகள் கைபேசியில் ஒரு படம் அனுப்பினாள். உள்ளங்கையில் கல்லாகிப்போன ஒரு சிப்பி. கூடவே குரலும் வந்தது. "அப்பா, இது பிராக்கியோபோடா. மட்டி இல்ல. மட்டிக்கு ரெண்டு ஓடும் ஒரே மாதிரி இருக்கும். இதுக்கு ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. இந்தக் குடும்பத்துல சிலது இன்னும் கடலடியில உயிரோட இருக்குப்பா." அதை மறுபடியும் போட்டுக் கேட்டேன்.

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில்தான் எனக்கு முதல் நியமனம். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து சப்பாத்துப் போட்ட வாத்தியார், தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. பிரம்புக்கு எண்ணெய் பூசி வைத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன். பழைய தோட்டத் துரை ஒருவர் சேர்த்து விட்டுப்போன கற்கள் அடங்கிய பெட்டி அங்கே கிடந்தது. அதிலிருந்த சிப்பிக்கல்லுக்கு 'மட்டி' என்று நானே சீட்டு எழுதி ஒட்டினேன். அதுவரை நான் கடலையே பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஒன்பதாம் வகுப்பு மல்லிகா அந்தக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், ரெண்டு ஓடும் ஒரே மாதிரி இல்லைங்க. பெரிய ஓட்டு மூக்குல ஓட்டை இருக்கு. இது மட்டி இல்லைங்க."

"நான் மட்டின்னா மட்டிதான்."

"இல்லைங்க சார்."

வகுப்பு சிரித்தது. பிரம்பு முறியும்வரை அடித்தேன். பிறகு கையால் காதோடு சேர்த்து அறைந்தேன். மேசை விளிம்பில் மோதி விழுந்தாள். காதிலிருந்து வடிந்த ரத்தம் வெள்ளைச் சட்டைக் காலரில் இறங்கியது. அப்போதும் அவள் கல்லை விடவில்லை. விரல்களைப் பிரித்துத்தான் பிடுங்கினேன்.

மறுநாள் அவளுடைய அப்பா அவளையும் இழுத்துக்கொண்டு வந்தார். தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், கையில் கத்தி. என்னை வெட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ கத்தியை வாசலில் வைத்துவிட்டு, என் கண் முன்னாலேயே மகளை முடியைப் பிடித்து உதைத்தார்.

"சாரையே எதுத்துப் பேசுறியா? கண்ண மட்டும் விட்டுட்டு அடிங்க சார். நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

நான் தடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அந்த வாரமே அவளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

நேற்று மகள் அனுப்பிய படத்தோடு கந்தப்பளைக் கடைத்தெருவுக்குப் போனேன். மல்லிகா இப்போது அங்கே மரக்கறி விற்கிறாள். நான் பேசத் தொடங்கியதும் வலது காதைத் திருப்பினாள்.

"நீ சொன்னதுதாம்மா சரி. இது மட்டி இல்ல."

உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கைபேசியை வாங்கிப் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"அடிச்சது நல்லா நெனவிருக்குங்க சார். என்னத்துக்குன்னுதான் நெனவில்ல."

பிரம்பு போய்விட்டது, நல்லதுதான். அந்தப் பாடசாலையும் கல் பெட்டியும் போய்விட்டன. ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்த்துச் சரியாகச் சொன்னது, அவளிடமிருந்தே போய்விட்டது.