காவேரியின் நடை

மாடி வராந்தாவைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது ஜன்னலுக்கு வந்ததும் புவனேஸ்வரியின் வலது கால் இழுக்கிறது. இடது கை தானாக இடுப்புக்குப் போகிறது. அங்கிருந்து படிக்கட்டு வரை தரையில் மாப்பின் சத்தத்தோடு செருப்பு தேயும் சத்தமும் சேர்ந்து வரும். படி இறங்கிவிட்டால் கால் நேராகிவிடும்.

அவள் காலில் அடிபட்டதே கிடையாது. ஏற்காட்டில் இந்த விடுதிப் பள்ளியின் நோயறையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பதினோரு வருடமாக அவளுக்கு மருந்து கொடுத்ததெல்லாம் சளிக்கும் சேற்றுப்புண்ணுக்கும்தான்.

கொட்டச்சேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். கணவனுடைய எஸ்டேட் ஸ்வெட்டர், காதை மூடி ஒரு துண்டு. கறையோடு பேசுவாள். "நேத்தே போகச் சொன்னேன், இன்னும் இங்கதான் குந்தியிருக்குற" என்று திட்டிக்கொண்டே தேய்ப்பாள். வாளியை விளிம்பு வரை நிரப்புவாள். கேட்டால், "ரெண்டு நடை நடக்க எனக்கென்ன பைத்தியமாங்க?" என்பாள்.

இது டிசம்பர் விடுமுறை. மாடியில் நாற்பது கட்டில்களிலும் மெத்தைகள் சுருட்டிக் கிடக்கின்றன. காலை ஒன்பது மணிக்கும் மூடுபனி உள்ளே வந்து நிற்பதால் வராந்தாவின் மறுமுனை தெரியாது.

சேலத்திலிருந்து ஜெஸ்லின் வந்திருந்தாள். வேலை செய்கிறவர்களின் உடம்பு வேலையாலேயே கெடாமல் இருக்க, குனிவதையும் தூக்குவதையும் பார்த்துத் திருத்துகிற தெரபிஸ்ட். இந்த மாதக் கடைசிக்குள் அவள் கையெழுத்துப் போட்டால்தான் துப்புரவுப் பணியாளர்களுக்கு அடுத்த வருட வேலை உறுதி. புவனேஸ்வரியின் இடுப்பை அழுத்திப் பார்த்தேன். நாற்பத்து நான்கு வயது இடுப்பு, எழுபது வயது இடுப்பைப் போல இறுகியிருந்தது.

"எந்த வருஷம் விழுந்தீங்கக்கா?" என்றாள் ஜெஸ்லின்.

"நான் எங்கீங்க விழுந்தேன்?"

ஜெஸ்லின் அவள் துடைப்பதைப் பின்னாலிருந்து போனில் படம் எடுத்துக் காட்டினாள். பனிக்குள் ஓர் உருவம் காலை இழுத்துக்கொண்டு போனது. புவனேஸ்வரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்: "இது காவேரியக்காவாச்சே. எப்பொ எடுத்தீங்க?"

காவேரி வாழவந்திக்காரி. ஒன்பது வருடம் இருவரும் ஜோடியாகத் துடைத்தார்கள். காவேரி முன்னால் ஈரத்துணி, இவள் பின்னால் காய்ந்த துணி. முன்னால் போகிறவளின் எட்டுக்கு எட்டு வைக்காவிட்டால் ஈரத்தில் மிதித்து வழுக்கும். காவேரிக்கு வலது இடுப்பில் வலி. மூன்றாவது ஜன்னலில் அது தொடங்கும். உட்கார்ந்தால் வலது பக்கத்துக்கு மட்டும் துணியை மடித்து வைத்துக்கொள்வாள். பின்னால் வந்தவள் துடைக்கக் கற்றபோது அந்த நொண்டலையும் சேர்த்தே கற்றுக்கொண்டாள். இரண்டு வருடம் முன்பு காவேரி நிறைந்த வாளியோடு இந்தப் படியில் சரிந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று மாதம் படுக்கை, பிறகு நுரையீரலில் சளி கட்டி இறந்துபோனாள். கடைசியில் புரட்டிப் போட்டுத் துடைத்தவள் நான். புவனேஸ்வரி இப்போது இரண்டு வேலையையும் தனியாகச் செய்கிறாள்.

ஜெஸ்லின் திருத்தினாள். மாப்புக் கட்டை தாடை உயரம். வாளியில் பாதித் தண்ணீர். இடுப்பைத் திருகாமல் பாதத்தோடு திரும்ப வேண்டும். எல்லாம் நான்கு நாளில் வந்துவிட்டது. மூன்றாவது ஜன்னல் மட்டும் வரவில்லை.

"அங்க வந்தா கால் எஞ்சொல்லு கேக்க மாட்டீங்குதுங்க. அக்கா முன்னால போறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்ப பின்பக்கமா நடந்து துடைங்க. ஈரம் உங்க முன்னால இருக்கும், மிதிக்க மாட்டீங்க. படிக்கு ரெண்டு கஜம் முன்னால ஒரு நாற்காலி போடறேன். முதுகுல பட்டதும் நின்னுடுங்க."

"ஏனுங்க, அப்பொ அக்கா எம்முதுகுக்குப் பின்னால இருப்பாங்களே?"

ஜெஸ்லின் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

"இருக்கட்டும். இடிச்சா சொல்லு" என்றேன் நான்.

கையெழுத்துப் போட வேண்டிய நாளன்று புவனேஸ்வரி மறுமுனையிலிருந்து பின்பக்கமாக வந்தாள். முதலில் கட்டையின் சத்தம், பிறகு முதுகு. மூன்றாவது ஜன்னல். தோள் ஒருமுறை சிலிர்த்தது. யாருக்கோ வழிவிடுவது போலச் சுவரோரம் ஒதுங்கினாள். "பாத்துங்க, ஈரமா இருக்குது" என்றாள், திரும்பிப் பார்க்காமல். கால் இழுக்கவில்லை. கடைசி வரை இழுக்கவில்லை. முதுகில் நாற்காலி பட்டது, நின்றாள். ஜெஸ்லின் பேனாவைத் திறந்தாள்.

புவனேஸ்வரி அரை வாளியை இடது கையில் எடுத்து, வலது கையால் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து ஒரு படி இறங்கினாள். பிறகு வாளியை வைத்துவிட்டு மேலே ஏறி வந்தாள். நாற்காலியைப் படிக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டாள். காய்ந்த துணியை நான்காக மடித்து, இருக்கையின் வலது பக்கம் மட்டும் கொஞ்சம் உயரமாக இருக்கும்படி வைத்து, கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.