பசை காயும் வரை

அந்தப் பட்டறைப் பலகையில் ஒரு பெயர் எழுதியிருந்தது. ஆனால் அதைச் சொல்லி யாரும் வழி கேட்பதில்லை. "நாளைக்குக்காரர் கடை எங்க?" என்றால் போதும், கை காட்டிவிடுவார்கள். பிரேக்கோ கிளட்ச்சோ என்றால் அன்றைக்கே முடித்துக் கொடுக்கிற மெக்கானிக்தான் அவர். காரின் பின்அச்சைப் பிரித்துவிட்டால் மட்டும், வந்தவர் தலைகீழாக நின்றாலும் பதில் ஒன்றுதான்: "நாளைக்கு வாங்க."

பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் பூசணிக்காய் அளவில் ஓர் இரும்புக் கூடு இருக்கும். டிஃபரென்ஷியல் என்பார்கள். உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெயில் முங்கியபடி சுற்றும். வேலை முடிந்து மூடும்போது, மூடி உட்காருகிற விளிம்பில் சிலிக்கான் பசை வைத்து அடைக்க வேண்டும். அவர் பழைய பசையைச் சுரண்டி எடுத்து, விளிம்பைத் துடைத்து, சுற்றிலும் விரலை ஓட்டிப் பார்ப்பார். துளி பிசுக்கு தட்டினாலும் மறுபடி துடைப்பார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாக, அறுபடாமல் பசையை ஒரு சுற்று இழுத்துச் சேர்ப்பார். மூடியை வைத்து போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு ஒரு மணி நேரம் விட்டுவிடுவார். அதன்பின் எதிரெதிர் போல்ட்டுகளாக மாற்றி மாற்றி முறுக்குவார். எண்ணெய் ஊற்றுவது மறுநாள்தான்.

"ஒரு நாள் காயணும்னு டியூப்லயே போட்டிருக்கு. நானா சொல்றேன்?" என்று சிரிப்பார். ஏன் இப்படி ஒற்றைக்காலில் நிற்கிறார் என்று ஏழு வருடம் யாருக்கும் தெரியாமலே இருந்தது.

அந்த ஏழு வருடத்தின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், அவர் தங்கையின் கணவர் காரைக் கொண்டுவந்திருந்தார். பின்அச்சில் பேரிங் மாற்ற வேண்டியிருந்தது. அன்று மாலையே குடும்பத்தோடு வெளியூர் கிளம்ப வேண்டும். தங்கையின் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்திருந்தது. கூட ஆள் இல்லை. மாப்பிள்ளை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம் மச்சான்? உங்க தங்கச்சி மூணு தடவை ஃபோன் பண்ணிட்டா."

மெக்கானிக் பசை வைத்து, மூடியை முறுக்கி, அரை மணி நேரத்துக்குள் எண்ணெயை ஊற்றினார். கீழ்மூலையைச் சரியாகத் துடைத்தோமா என்று மனதுக்குள் ஒரு நெருடல். 'ஒண்ணும் ஆகாது' என்று நினைத்துக்கொண்டார். "போய்ட்டு வாங்க மாப்பிள்ளை."

இருட்டும் முன்பே ஃபோன் வந்தது. நெடுஞ்சாலையில் பின்சக்கரங்கள் இறுகிப்போய், கார் சறுக்கித் தடுப்பில் மோதியிருந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். தங்கைக்கு வலது முழங்கை மூன்று இடத்தில் உடைந்திருந்தது.

மறுநாள் காரை இழுத்துவந்து தூக்கிப் பார்த்தார். மூடியின் கீழ்மூலையிலிருந்து காரின் அடிவயிறு முழுக்க எண்ணெய் வழிந்திருந்தது. உள்ளே சொட்டு இல்லை. பல்சக்கரங்கள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. யாரும் வருவதற்குள் எல்லாவற்றையும் துடைத்தார். "பழைய வண்டிதானே, உள்ள ஏதோ போயிருச்சு" என்றார். எல்லோரும் நம்பினார்கள்.

தங்கை பள்ளிச் சீருடை தைக்கும் நிறுவனத்தில் துணி வெட்டுகிறவளாக இருந்தாள். இருபது மடிப்புத் துணியை ஒரே மூச்சில், நூல் பிசகாமல் வெட்டுவாள். அந்த முழங்கை அதன்பின் முழுதாக நீளவே இல்லை. நிறுவனத்தில் அவளைப் பொத்தான் பிரிவுக்கு மாற்றினார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்தால் இடது கையால் டீயை நீட்டுவாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

போன வருடம் மாப்பிள்ளை இன்னொரு காரோடு வந்தார். அதே மாதிரி வேலை. மெக்கானிக் மூடியை முறுக்கி முடித்ததும் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார்: "'நாளைக்கு வாங்க' எல்லாம் ஊர்க்காரங்களுக்கு. நமக்குள்ளயுமா மச்சான்? எண்ணெயை ஊத்துங்க, கிளம்பறேன்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்தார். "மாப்பிள்ளை, அன்னைக்கு வண்டி தானா போகல. நான் காயவிடாம ஊத்தினேன்" என்று ஆரம்பித்து, துடைத்தது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அடி விழுந்தாலும் விழட்டும் என்றிருந்தார்.

மாப்பிள்ளை இன்னொரு டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு வழியில முக்கால் மணி நேரம் வண்டியோட பின்பக்கம் ஊளை விட்டுச்சு மச்சான். எனக்கு நல்லாவே கேட்டுச்சு. 'என்னங்க சத்தம்?'னு அவ கேட்டா. 'ரோடு அப்படி'ன்னு சொல்லிட்டு ரேடியோவைக் கூட்டி வெச்சேன். நிறுத்தினா நேரமாகுமேன்னு நினைச்சேன். சக்கரம் திடீர்னு பிடிச்சிருச்சுன்னுதான் இன்னைக்கு வரைக்கும் சொல்லிட்டிருக்கேன்."

இரண்டு பேரும் பட்டறையைப் பூட்டிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்கள். தங்கை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முதலில் அண்ணன் சொன்னார். பிறகு கணவர் சொன்னார். அவள் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கை போனது கிடக்கட்டும்ணே" என்றாள். "அன்னைக்கே போயாகணும்னு அடம் பிடிச்சது யாரு? நான். ஃபோன் பண்ணிப் பண்ணி அவசரப்படுத்தினது யாரு? நான். என்னாலதான் இப்படி ஆச்சு, குழந்தைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தா என்ன செய்றதுன்னு நினைச்சு நினைச்சு நான் செத்துட்டிருந்தேன். நீங்க ரெண்டு பேரும் என் எதிர்லயே உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருந்தீங்க."

இப்படி ஒன்று இருக்கும் என்று அண்ணன் கனவிலும் நினைத்ததில்லை. தன் தப்பை மறைத்தோம் என்றுதான் இதுவரை எண்ணியிருந்தார். அது அவள் தலையில் போய் உட்கார்ந்திருந்தது இப்போதுதான் தெரிந்தது.

பத்தொன்பது நாள் அவள் அண்ணனோடு பேசவில்லை. கணவரிடம் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லி அனுப்பினாள். இருபதாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், பட்டறை வாசலில் வந்து நின்றாள். அவர் ஒரு டாக்சியின் பின்அச்சை மூடப்போகிற சமயம்.

"இதானா அது?" என்றாள்.

"இதான்."

குனிந்து உள்ளே பார்த்தாள். துணியைத் தடவிப் பார்ப்பதுபோல், விளிம்பில் இடது கைவிரலைச் சுற்றி ஓட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. "இங்க பிசுபிசுன்னு இருக்குண்ணே."

அவர் இரண்டு தடவை துடைத்த இடம் அது. மறுபடி துடைத்தார். அவள் தலையாட்டியபின் பசையை எடுத்தார்.

கிளம்பும்போது சொன்னாள்: "மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல. கோபம் இருக்கு. ஆனா பொத்தானை எண்ணிட்டே உன்னைத் திட்டிட்டிருந்தா என் வேலை கெடுது. நேர்லயே வந்து திட்டலாம்னு வந்தேன்."

"திட்டு" என்றார் அவர்.

"இன்னைக்கு நேரமில்ல. டைம் ஆச்சு."

அடுத்த வாரமே மேலாளரிடம் போய், வெட்டுப் பிரிவிலேயே வேறு வேலை கேட்டாள். ஏழு வருடமாகக் கேட்கத் தோன்றாதது. தனக்கு வந்தது தண்டனை என்று நினைத்திருந்தவள், அதை மாற்றிக் கொடுங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பாள்? இப்போது வெட்டுவதற்கு முன்னால் துணிமேல் அளவுக்கோடு போடுவது அவள் வேலை. முதல் மாதம் இடது கைக் கோடு கோணலாகத்தான் போனதாம். அழித்து அழித்துப் போட்டாளாம்.

மெக்கானிக், அவசரப்படுகிறவர்களிடம் இப்போது காரணத்தை மறைப்பதில்லை. கேட்டுவிட்டுச் சிலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். சிலர் இப்படிப்பட்டவரிடமா வண்டியை விட்டோம் என்று வேறு பட்டறை தேடிப் போகிறார்கள். அவர் யாரையும் தடுப்பதில்லை. தங்கை வாரம் ஒரு தடவையாவது வருகிறாள். சில நாள் நன்றாகத் திட்டிவிட்டுப் போகிறாள். சில நாள் அவர் பக்கத்தில் டயரில் உட்கார்ந்து, மகளின் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறாள்.