பஞ்சு அடைத்த தடுப்பு

என் அக்காவின் கணவருக்கு வேலையிடத்தில் ‘பஞ்சுக்காரர்’ என்று பெயர். கொதிக்கிற நீராவிக் குழாய், ஐஸ்கிரீம் குடோன், சினிமா தியேட்டர் சுவர், எதுவானாலும் தீப்பிடிக்காத பஞ்சைப் பொதிந்து மூடுவதுதான் அத்தானின் வேலை. “பஞ்சு சூடும் பண்ணாது, குளிரவும் வைக்காது. அந்தப் பக்கம் இருக்கறத இந்தப் பக்கம் விடாது, அவ்வளவுதான்” என்பார். விரல் நுழைய இடைவெளி இருந்தாலும் பிரித்துப் போட்டு மறுபடி செய்வார். அப்படியொரு பிடிவாதம்.

அந்தப் பிடிவாதம்தான் வீட்டிலும் வினையானது. அவருடைய அப்பா விட்டுப்போன வீட்டை நடுவில் பலகைத் தடுப்பு வைத்து அவரும் அவர் தம்பியும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர் வாசல் முன்தெருவில், தம்பி வாசல் பின்தெருவில். “உங்க டிவி சத்தத்துல மனுஷன் தூங்க முடியல” என்று ஒருநாள் தம்பி கத்த, இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “இனிமே ஒரு சத்தமும் வராது, பாத்துக்கோ” என்று தடுப்பு முழுக்கப் பஞ்சை அடைத்து, மேலே இன்னொரு பலகையை அறைந்துவிட்டார். பேச்சும் அதோடு நின்றது.

தம்பி மகளை மறந்துவிட்டார் மனிதர். மூன்று வயது வாயாடி. காலையில் எழுந்ததும் தடுப்பைத் தட்டி, “பெரிப்பா, எந்திரிச்சாச்சா?” என்பாள். இவர் பதிலுக்குத் தட்டினால்தான் பால் குடிப்பாள். பஞ்சை அடைத்த பிறகு இவர் தினமும் பல்கூடத் துலக்காமல் வந்து, பலகையில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். பாவமாகத்தான் இருந்தது. எனக்கு எரிச்சலும் வந்தது.

“போய்ப் பேசித் தொலைங்களேன் அத்தான்.”

“அவன் வந்து கூப்பிடட்டும்” என்றார். மறுபடி பலகையில் காதை வைத்தபடி, “புள்ள என்னை மறந்திருக்கும்ல?” என்றார். “ஒரே ஒரு வேலைய நான் அரைகுறையா செஞ்சிருக்கக் கூடாதா மச்சான்?”

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா பொறுமை இழந்து சுத்தியலை அவர் கையில் திணித்தாள். நானும் ஒரு பக்கம் பிடிக்க, மேல்பலகையைப் பெயர்த்தோம். அவர் அடைத்த பஞ்சு அவருக்கே வர மறுத்தது. இழுத்து இழுத்துக் கீழே போட்டார். கடைசித் துண்டும் வந்ததும் தட் தட் என்று சத்தம் கேட்டது. பின்னாலேயே தம்பி மனைவியின் குரல்.

“எத்தனை வாட்டிடி சொல்றது? தினம் தினம் தட்டினாலும் பெரிப்பாவுக்குக் கேக்காது. வா, பால் ஆறுது.”

“இரும்மா. இன்னிக்குக் கேக்கும்.”

அத்தான் தடுப்பருகே குனிந்தார். பஞ்சுத் தூசி படிந்த கையால் தட்டினார்.