ஷாட் என்றால் ஊசி

“இவ இங்கிலீஷை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போனீங்கன்னா, பல்லுக்குப் பதிலா காலை எடுத்துருவான் அண்ணி” என்றார் சித்தப்பா. நாங்கள் ஹூஸ்டன் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் ஹோட்டல் அடுப்படியில் வளர்ந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எட்டு வயதில் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளரும் நானே. அந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

பள்ளி நர்ஸ் எனக்கு இரண்டு ‘ஷாட்’ பாக்கி என்றார். போடாவிட்டால் வகுப்புக்குள் விடமாட்டார்களாம். நான் அபார்ட்மெண்ட் படியில் உட்கார்ந்து அழுதேன். எங்களைக் கிளினிக்குக்கு அழைத்துப்போகக் காரோடு காத்திருந்த பக்கத்து வீட்டுக் கறுப்பினப் பெரியவர், சிரித்தபடி காலரை இறக்கிப் பின்கழுத்தைக் காட்டினார். சின்னச் சின்ன வட்டத் தழும்புகள்.

“ஐ காட் ஷாட் டூ, பேபி. ஃபார் ஸ்கூல்.”

யார் போட்டது என்று கேட்டேன்.

“போலீஸ்.”

அம்மாவிடம் சொன்னேன்: “ஸ்கூல் போறதுக்கு இவருக்கும் ஊசி போட்டாங்களாம்மா. போலீஸே வந்து போட்டாங்களாம்.”

“கழுத்துலயா? இத்தனையா? பாருடி, அவர் அழறாரா?” என்ற அம்மா, சுடிதார் கையை ஏற்றித் தன் தடுப்பூசித் தழும்பைப் பெருமையாகக் காட்டினாள்.

அவர் சிரிப்பு நின்றது. “ஷாட்?” என்று என்னைக் கேட்டார்.

“யெஸ்.”

“ஃபார் ஸ்கூல்?”

அதற்கும் யெஸ்தான். ஊசி வேறு எதற்குப் போடுவார்கள்? அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, அம்மாவுக்குக் காரின் முன்கதவைத் திறந்துவிட்டார். ஒரு ஊசிக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்தேன். அன்று அழாமல் இரண்டையும் போட்டுக்கொண்டேன்.

பிறகு நாங்கள் வீடு மாறிவிட்டோம். பத்து வருடம் கழித்து, போன மாதம் என் கல்லூரி வகுப்பில் பேச அந்தப் பெரியவர் வந்திருந்தார். அறுபதுகளில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கல்லூரியில் இடம் கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மாணவர்களைப் போலீஸ் சிதறுகுண்டுகளால் சுட்டதாம்; அவர்களில் இவரும் ஒருவர். திரும்பி ஓடியதால் எல்லோருக்கும் பின்பக்கம்தான் காயம். கூட ஓடிய அறைத்தோழர் எழுந்திருக்கவில்லை. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். கடைசியில் பெயரைக் கேட்டு என்னை அடையாளம் கண்டு, வகுப்பைப் பார்த்துச் சொன்னார்: “இவள் அம்மாவையும் படிக்கப் போனதற்காகச் சுட்டார்கள்.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டில் சொன்னதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “பள்ளிக்கூட வாசலையே நான் மிதிச்சதில்லையேடி! பாவம், அந்த மனுஷன் இத்தனை வருஷமா என்னன்னு நினைச்சிட்டிருந்தாரோ. வா, போய்ச் சொல்லிடலாம். இந்தத் தடவையாவது ஒழுங்கா சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு அழைப்புமணியை அழுத்தினேன். உள்ளே கைத்தடிச் சத்தம் நெருங்கி வந்தது. அம்மா சுடிதார் கையை மேலே ஏற்றிக்கொண்டாள்.