மடியான மருந்துப் புட்டி

மருந்துப் புட்டிக்கும் மடி ஆசாரம் உண்டு என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷம் நர்ஸாக இருந்து என்ன பிரயோஜனம்!

எங்கள் மயிலாப்பூர் டிஸ்பென்சரிக்கு ஒரு மாமி வந்தாள். கணவருக்கு இருதய மருந்து. ஒரு புட்டி பன்னிரண்டு வேளைக்கு வரவேண்டும். அளவு தெரிவதற்காக, காகிதப் பட்டையில் வேளைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பல் வெட்டி நான்தான் புட்டியில் ஒட்டிக் கொடுத்திருந்தேன். நாலு நாள் மருந்து இரண்டே நாளில் காலி.

"பட்டை எங்கே, மாமி?"

"ஆஸ்பத்திரிப் புட்டியை அலம்பாம ஆத்துக்குள்ள விடுவேனா? சீயக்காய் போட்டுத் தேய்ச்சேன், உரிஞ்சுண்டு வந்துடுத்து. நானே வேற வெட்டி ஒட்டிட்டேன். பன்னெண்டு எதுக்கு? பெரிசா, அழகா ஆறு."

"மாமா எப்படி இருக்கார்?"

"குமட்டறதுங்கறார். வெள்ளைச் சாதத்தைப் போட்டா எலுமிச்சஞ்சாதமான்னு கேக்கறார். நாக்கு கேக்கறது, வேறென்ன!"

பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தால் அந்த மருந்து அளவு மீறி விஷமாகிவிட்டது என்று அர்த்தம். கூட வந்து வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமாவின் நாடியைப் பிடித்தேன், தூங்கி வழிந்தது. டாக்டர் ஓடிவந்து மருந்தை நிறுத்தி, அவரைப் படுக்க வைத்தார். பிழைத்துக்கொள்வார்.

தப்பு என்னுடையதுதான். குலுக்கிக் குடிக்கச் சொன்னேன், வேளை சொன்னேன். புட்டியைக் குளிப்பாட்டக் கூடாது என்று சொல்லவில்லையே!

இனியாவது அழியாமல் இருக்கட்டும் என்று, புதுப் புட்டி ஒன்றின் கண்ணாடியிலேயே அரத்தால் பன்னிரண்டு கோடு கீறிக் காட்டினேன்.

மாமி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது கீறலா இருக்கே. நல்லதா வேற குடுங்கோ."

இனி எங்கே கோடு போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாமாவின் நெற்றியில் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதையும் மாமி சீயக்காய் போட்டுத் தேய்த்துவிடுவாள்.