சாட்சியின் பெயர் இல்லாத பக்கம்

பேரளியைத் தாண்டும்போது வெயில் ஏறியிருந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் பஸ் ஸ்டாண்டில் நான் வேலை பார்த்த கடைக்கு வந்துபோகிற முகங்கள் நிற்கும். "என்ன, பையோட கிளம்பிட்ட?" என்று யாராவது கேட்பார்கள். அதற்குப் பதில் தேடுவதைவிட நடப்பது எனக்குச் சுலபம். பையில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு பட்டன் போன். ரோட்டின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம் காய்ந்து நின்றது. சுண்ணாம்புக்கல் லாரி எதிரே வரும்போதெல்லாம் துண்டால் மூக்கை மூடிக்கொண்டேன்.

அன்று காலையில்தான் வேலை போயிருந்தது. ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் என்று எல்லாம் செய்கிற ஒரு நெட் சென்டர். நான் ஒன்பதாவதோடு நின்றவன். திருப்பூர், ஓசூர் என்று அலைந்து, கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்தே பழகி அங்கே வந்து ஒதுங்கியிருந்தேன். முதலாளி பின்னறையில் படுக்கச் சொன்னார். சாப்பாடு அவர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் வரும்.

ஷட்டரைத் திறந்ததும் அவர் உட்காரக்கூட இல்லை.

"நாலு பேரு நாலு விதமாப் பேசுறாங்கப்பா. நீயும் அந்த மேடமும் ஒரே கம்ப்யூட்டர் முன்னாடி மணிக்கணக்கா உக்காந்துகிட்டு. இது ஃபேமிலி வந்துபோற கடை."

"யாருங்க பேசுறாங்க?"

"அதைச் சொன்னா நீ நேரா அவங்ககிட்ட போயி நிப்ப."

"என்னா பேசுறாங்கன்னாவது சொல்லுங்க."

"உனக்கே தெரியும்."

கிட்டத்தட்ட அதே வார்த்தையை முந்தின வாரம் ஸ்பெயின் தேசத்துப் பழைய தாள் ஒன்றிலிருந்து அந்த மேடம் வாசிக்க நான் கேட்டிருந்தேன்.

அவர் சொன்ன மேடம் ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். ஸ்பெயினில் நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன் கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களைப் பற்றிப் பல வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அந்த மொழியைத் தானாகவே படித்திருந்தார். திருச்சியில் இருக்கிற அவருடைய கைடு, மற்றவர்கள் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதினால் கையெழுத்துப் போடமாட்டேன், மூல ஆவணத்தைப் பார்த்து எழுது என்று சொல்லிவிட்டார். அந்த மாதத்தோடு பதிவு முடிகிறது. பட்டம் இல்லாவிட்டால் கல்லூரி வேலையும் இல்லை. அவர்கள் கல்லூரி லேபில் வெளிநாட்டு வலைத்தளங்கள் பாதி திறக்காது. அதனால் எங்கள் கடைக்கு வந்தார்.

"அண்ணே, இதெல்லாம் நெட்டுல இருக்குன்னு சொல்றாங்க. எனக்கு அகப்பட மாட்டேங்குது."

அவர் ஆங்கிலத்தில் தேடிக்கொண்டிருந்தார். அந்த நாட்டு அரசு ஆவணக் காப்பகத்தின் தளம் ஆங்கிலம் போட்டால் வெறும் பக்கத்தைக் காட்டியது. ஸ்பானிஷ் சொல்லை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பட்டியல் கொட்டியது. ஆனால் பட்டியலில் இருப்பதெல்லாம் திறக்கவில்லை. சிலவற்றுக்குத் தலைப்பு மட்டும்தான் உண்டு, தாள் இன்னும் படம் எடுக்கப்படாமல் அங்கே பெட்டிக்குள் கிடக்கிறது. படம் இருக்கிற ஆவணக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி இருக்கும். அதைக் கண்டுபிடித்த பிறகு எங்களுக்கு வழி தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பக்கமாகத்தான் இறக்க வேண்டும். முதலில் அவசரத்தில் எல்லாவற்றையும் சின்ன அளவில் இறக்கிவிட்டோம். பின்பக்கத்து மை முன்பக்கத்தில் ஊறி, பெரிதாக்கினால் வெறும் கறையாகத் தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து, பெரிய அளவில்.

"மேடம், இது எழுத்தா, எறும்பு மையில வுழுந்து எந்திரிச்சுப் போனதா?"

"சிரிக்காதீங்கண்ணே. இந்த எறும்பாலதான் ஒருத்தன் ஜெயில்ல கெடக்கான்."

அவன் கோவேறு கழுதைகளில் எண்ணெயும் உப்பும் ஏற்றி ஊர் ஊராக விற்றவன். தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்ட குடும்பம். சத்திரத்தில் விடிவதற்கு முன் கை கால் கழுவினான், பன்றிக்கறியைத் தொடவில்லை, மது குடிக்கவில்லை, உள்ளுக்குள் இன்னும் முஸ்லிம்தான் என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். மத விசாரணை மன்றம் பிடித்துக்கொண்டு போனது. முதல் நாள் அவனைக் கேட்ட கேள்வி, உன்னை ஏன் பிடித்தோம் என்று உனக்குத் தெரியுமா என்பது. காரணத்தை அவர்கள் சொல்வதில்லை. எந்த ஊர், அப்பன் யார், தாத்தா யார், என்ன வம்சம் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளை என்னிடமும் போகிற இடமெல்லாம் கேட்டிருக்கிறார்கள்.

சாட்சி சொன்னதை அவனுக்குப் படித்துக் காட்டும்போது பெயரை எடுத்துவிடுவார்களாம். அவனுக்கு ஒரு சலுகை மட்டும் உண்டு. தன் பகையாளிகள் யார் யார் என்று சொல்லலாம். சாட்சி சொன்னவர் அதில் இருந்துவிட்டால் அந்தச் சாட்சியம் செல்லாமல் போகலாம். அவன் பக்கம் பக்கமாகச் சொல்லியிருந்தான். மாவு மில்காரன், பங்காளி, எண்ணெயில் கலப்படம் என்று சண்டை போட்டவள்.

"போய்ச் சொன்னது யாரு மேடம்?"

"சத்திரக்காரரு பொண்டாட்டி. அவனுக்குச் சுடுதண்ணி வச்சுக் குடுத்தவ. மன்றத்து ஏட்டுல பேரு இருக்கு, நமக்குத் தெரியுது, அவனுக்குத் தெரியலயே."

தீர்ப்பு கட்டின் கடைசியில் இருந்தது. அந்தப் பக்கங்களைப் பெரிய அளவில் இறக்குவதற்குள் முதலாளி என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

நடக்கும்போது நானும் அவனைப் போலவே யோசித்துக்கொண்டு வந்தேன். எதிர்க் கடை ஸ்டுடியோக்காரர், நாங்கள் வந்த பிறகு அவருக்கு ஜெராக்ஸ் வியாபாரம் படுத்துவிட்டது. டீ மாஸ்டர், எப்போதும் எட்டிப் பார்ப்பார். மேடத்தின் கூட வேலை பார்க்கிற ஒருவர், ஒரு நாள் உள்ளே வந்து எங்களைப் பார்த்துவிட்டு எதுவும் வாங்காமல் போனார். சிமெண்ட் ஆலைப் புகைபோக்கி தெரியத் தொடங்கும்வரை என்னிடம் ஆட்கள் தீரவில்லை.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அண்ணே, காலேஜ் ஆபீஸ் போன்லேருந்து பேசறேன். என் போனை வூட்டுல வாங்கி வச்சுட்டாங்க."

"யாரு மேடம் சொன்னது?"

"உங்க முதலாளிதாண்ணே. எங்க கொழுந்தனாருக்குப் போன் போட்டு, உங்க வூட்டுப் பொண்ணைக் கவனிங்கன்னாராம். நல்லதுக்குத்தான் சொல்றேன்னாராம்."

நாலு பேர் என்று சொன்னாரே, அது அவர் ஒருவர்தான். அவர் வீட்டுச் சோறு தின்றதால் அவரை நான் நினைக்கவே இல்லை. ரோட்டோரம் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்தேன்.

"நாளைக்குச் சாயங்காலம் கைடைப் பாக்கணும். தனியாத் திருச்சி போறது இதுதான் கடைசின்னு சொல்லிட்டாங்க. தீர்ப்புப் பக்கம் இல்லாமப் போனா அவரு கையெழுத்துப் போடமாட்டாரு. மத்தியானத்துக்குள்ள, நீங்க எப்பவும் அனுப்புற எங்க டிபார்ட்மென்ட் மெயிலுக்கு வந்துட்டா எப்படியாவது படிச்சு எழுதிடுவேன். முடியுமாண்ணே?"

"அனுப்பிடறேன் மேடம்."

"எங்க வூட்டு ஆளுங்க கேட்டா, அவங்ககிட்ட என்னைப் பத்தி எதுவும்…" என்று தொடங்கினார். அங்கே யாரோ வந்திருக்க வேண்டும். லைன் போய்விட்டது.

அன்று இரவு அரியலூர் ரயில் நிலையத்தில் படுத்து, விடிந்ததும் எழுந்து, குழாயடியில் கை கால் முகம் கழுவினேன். கழுவும்போது யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அப்படிப் பார்க்கிற பழக்கம் அதற்கு முன் எனக்கு இருந்ததில்லை.

கடைத்தெருவில் ஒரு ஆன்லைன் சேவைக் கடை அப்போதுதான் திறந்திருந்தது. ஆள் தேவை என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். அந்தக் கடை முதலாளி விபூதி பூசிக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரு?"

"பூலாம்பாடிப் பக்கங்க."

"பக்கம்னா? எந்தத் தெரு? யாரு வூட்டுப் புள்ள?"

ஊரைச் சொன்னேன், தெருவைச் சொன்னேன், அப்பா பெயரையும் அவர் செய்த வேலையையும் சொன்னேன். தெருவைச் சொன்னதும் அவர் விரல் நெற்றியிலேயே கொஞ்சம் நின்றது. பிறகு பூசி முடித்தார்.

"சரி, வேலை தெரிஞ்சா போதும். இதுக்கு முன்ன எங்க இருந்த?"

சொன்னேன். அவர் போனை எடுத்தார்.

"அவரு நம்பரைச் சொல்லு. ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

உண்மையான நம்பரையே சொன்னேன். "மத்தியானத்துக்கு மேல கூப்பிடுங்க சார். காலையில விண்ணப்பம் போடுற கூட்டம், எடுக்க மாட்டாரு."

"அப்ப சரி, அதுவரைக்கும் உக்காந்து பாரு. எப்படிச் செய்யறன்னு நானும் பாக்குறேன்" என்று போனை மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

உட்கார்ந்தேன். நெட் சுமார்தான். அந்தத் தளத்தைத் திறந்து, கட்டைத் தேடி, இந்த முறை கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். பழுப்பு நிறத் தாள் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கியது. என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய அளவுதானா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, அடுத்ததை அழுத்தினேன்.